நாயின் கண்மட்டத்தில்

நாயைப் படம் எடுப்பதில் பாதி வேலை கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அது காலையில் எந்த மூலையில் வெயில் காயும், யாருடைய வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தூக்கும், எந்த நேரத்தில் தன்னைத் தொடவிடாது என்பதெல்லாம் கூடவே இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால்தான் விலை உயர்ந்த கேமராவோடு ஒரு மணி நேரம் வந்துபோகிறவரைவிட, தினமும் சோறு வைப்பவரின் கைபேசியில் நல்ல படம் விழுகிறது.

முதலில் உயரம். நின்றபடி எடுத்தால் நாயின் முதுகும் நெற்றியும்தான் தெரியும். கால்கள் குட்டையாகி, தலை மட்டும் பெருத்துவிடும். தரையில் உட்கார்ந்தோ குப்புறப் படுத்தோ அதன் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். நாய்ப் படங்களுக்குப் பேர்போன எலியட் எர்விட் தன் கேமராவைத் தரையை ஒட்டி வைத்து எடுத்த படங்களில், ஒரு சின்ன நாய் முழு ஆளாக நிற்கும். அருகில் நிற்கும் மனிதர்கள் வெறும் கால்களாகிவிடுவார்கள். கைபேசியை மூக்கருகே கொண்டுபோவதும் தவறு. அகலக் கோண லென்ஸ் மூக்கை வீங்கவைத்துக் காட்டும். இரண்டடி பின்வாங்கி, இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் முகம் அதன் அளவில் வரும். குவியம் எப்போதும் கண்ணில்தான். நீண்ட முகமுள்ள நாய்க்கு லென்ஸ் துளையை எஃப் 1.8-இல் வைத்தால் கண் தெளிந்து மூக்கு கரைந்துவிடும்; 4 அல்லது 5.6 போதுமானது.

அடுத்தது நிறம். வெள்ளை நிற ராஜபாளையம் நாய் 2005-இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றது. ஆனால் வீட்டுப் படங்களில் அது பெரும்பாலும் அழுக்குச் சாம்பலாகவோ விவரமே இல்லாத வெள்ளைத் துணியாகவோதான் விழுகிறது. நாய் படம் முழுவதையும் நிறைத்தால், கேமரா அந்த வெள்ளையை நடுத்தரச் சாம்பல் என்று கணக்கிட்டுப் படத்தை இருட்டாக்கும். அப்போது வெளிச்சத்தை ஏறத்தாழ ஒரு படி கூட்ட வேண்டும். அதே நாய் இருண்ட வேப்பமரத்தடியில் சிறிதாகத் தெரிந்தால் நேர்மாறாக நடக்கும். ரோமத்தின் விவரம் வெளுத்துப்போகும், அங்கே குறைக்க வேண்டும். கறுப்பு உடலில் புருவத்துக்கு மேலே செம்பழுப்புப் புள்ளி வைத்த கன்னி நாய்க்கு உச்சி வெயில் ஆகாது. வாசல்படிக்கு உள்ளே, பக்கவாட்டில் வரும் மெல்லிய வெளிச்சத்தில்தான் அதன் கறுப்புக்குள் இருக்கும் பளபளப்பு தெரியும்.

சிவப்புச் சிமெண்டுத் தரை போட்ட திண்ணையில் வெள்ளை நாய் படுத்திருக்கும் காலை நேரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதன் அடிவயிற்றிலும் தாடையின் கீழும் லேசான செம்மையைப் பூசுகிறது. இளஞ்சிவப்பு மூக்கின் ஈரத்தில் வாசல் முழுவதும் ஒரு புள்ளியாக மின்னுகிறது. கேமராவின் வெள்ளைச் சமன் அந்தச் செம்மையைத் துடைக்கப் பார்க்கும். துடைக்க விடாமல் இருப்பதே நல்லது. அது அந்த வீட்டின் நிறம்.

ஃபிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும்.

ஓடும் நாயை எடுக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும். சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் முழுப் பாய்ச்சலில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையைவிட்டு எழும்பும்: உடலைச் சுருட்டும்போது ஒன்று, நீட்டும்போது ஒன்று. கண்ணால் பார்த்து அழுத்தினால் அந்தக் கணம் போய்விடும். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்துப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம். இதற்கு விடியலோ மாலையோதான் சரி. மதிய வெயிலில் தார்ச்சாலை உள்ளங்காலைச் சுட்டுவிடும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

கேமரா நாய்க்கு உற்றுப் பார்க்கும் ஒரு பெரிய கண்ணாகத் தோன்றலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் ‘போதும்’ என்று சொல்வதுதான். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். குழந்தையை நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லி எடுக்கும் படங்களில் இந்த அறிகுறிகள் அடிக்கடி தெரிகின்றன. குழந்தையின் சிரிப்பைப் பார்ப்பவர்கள் நாயின் முகத்தைப் பார்ப்பதில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாய் எழுந்து கேமராவை நக்க வந்துவிடும். அது அறியாத ஒரு மெல்லிய சத்தம் காதை நிமிர்த்தும், தலையைச் சாய்க்கவைக்கும்; இரண்டு மூன்று முறைக்கு மேல் அதற்கும் மசியாது. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றைத் தரையைத் தட்டியும் கையசைத்தும் அழைக்கலாம்.

அழகுப் படங்களோடு சில சாதாரணப் படங்களும் வேண்டும். இரு பக்கவாட்டும், முகமும், தழும்பும் மறுவும் தெளிவாகத் தெரியும் படங்கள், நாய் காணாமல் போனால் அடையாளம் சொல்லும். மாதம் ஒருமுறை மேலிருந்து இடுப்பைப் படம் எடுத்து வைத்தால், தினம் பார்க்கும் கண்ணுக்குத் தப்பும் மெலிவு தெரியவரும். நொண்டல் தெரிந்தால் நடையைக் காணொளியாக எடுத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். மருத்துவமனையில் பயத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும். வயதாகித் தாடை நரைத்த நாயை ஓடவைக்க வேண்டியதில்லை. அது படுக்கும் இடத்திலேயே பக்கத்தில் படுத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி எடுக்கலாம்.