கோண்டோலின்: கதவடைத்த நகரின் பொருளியல்

ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கின் ஒரு வங்கி மேலாளரின் மகன் என்பது பலர் அறியாத செய்தி. இன்றைய தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டைன் நகரில் அவர் தந்தை வங்கிக் கிளையொன்றை நடத்தி வந்தார். 1892-இல் டோல்கின் பிறந்ததும் அவ்வூரில்தான். நான்கு வயதில் தந்தையை இழந்த அவர் வங்கித் தொழிலின் பக்கம் வரவில்லை. ஆயினும், அவர் படைத்த கோண்டோலின் என்னும் எல்ஃப் நகரின் வரலாற்றை வாசிக்கையில், கடன் கோப்பொன்றைப் புரட்டுவது போன்ற உணர்வே எனக்கு எழுகிறது.

1916-இல் ஸோம் போர்முனையிலிருந்து நோயுற்றுத் திரும்பியபின் டோல்கின் எழுதத் தொடங்கிய கதை இது. மூப்பறியா இனத்தவரான எல்ஃபுகளின் மன்னன் துர்கோன், பகைவன் மோர்காத்தின் கண்ணுக்கு எட்டாத இடமொன்றைத் தேடினான். கடலுக்கு அதிபதியான உல்மோ அவனுக்கு வழிகாட்டினான். வளைய வடிவ மலைகளுக்கு நடுவே பச்சைச் சமவெளி. அதன் நடுவே தனிப் பாறைக்குன்று. அதன்மீது 52 ஆண்டுகள் இரகசியமாக உழைத்து வெண்கல் நகரை எழுப்பினர். உள்ளே வர ஒரே மறைவழி. அதில் அடுத்தடுத்து ஏழு வாயில்கள்.

ஆட்சி முடியாட்சி. மன்னனுக்கு ஆலோசனை கூற அவை இருந்தது, முடிவு மன்னனுடையதே. உள்ளே வந்தவர் வெளியேறலாகாது என்பதே நகரின் தலையாய சட்டம். பாதுகாப்புக்கு இதைவிட உறுதியான ஏற்பாடு இல்லை எனத் தோன்றும். ஆனால் வணிகவியல் படித்தவர் கண்ணுக்கு முதலில் படுவது வேறொன்று: நகரின் மொத்தச் செல்வமும் ஓர் இரகசியத்தை ஈடாக வைத்தே நின்றது. மதில், படை, வாயில் ஆகிய மூன்றும் அந்த இரகசியம் காக்கப்படும் வரைக்குமே பொருளுடையவை.

மூடிய பொருளாதாரத்திற்கும் இரும்பு வேண்டும். அதைத் தந்தவன் மன்னனின் தங்கை மகன் மேக்லின். வளையமலையின் வடபகுதியிலிருந்த அங்கபார் சுரங்கத்தின் வன்மையான இரும்பால் நகரின் ஆயுதங்கள் கூர்மை பெற்றன. பெரும்போரொன்றில் 10,000 வீரரோடு வெளியே சென்ற துர்கோன் தோல்வியுடன் மீண்ட பிறகு, ஏழாவதான எஃகு வாயிலை அமைத்தவனும் மேக்லினே. கனிமம், ஆயுதம், வாயில், அவையில் உரத்த குரல் என யாவும் ஒருவன் கையில் குவிந்தன. அவனைத் தணிக்கை செய்ய ஒருவரும் இல்லை. சிறிய கிளையில்கூடப் பெட்டகத்தின் இரு சாவிகளை ஒருவரிடமே கொடுப்பதில்லை.

பின்னர் மனிதனான துவோர், உல்மோவின் எச்சரிக்கையோடு வந்தான்: நகரைக் கைவிட்டுக் கடலை நோக்கிச் செல்க என்பதே அது. துர்கோன் மறுத்தான். அவனை எளிதில் பழிக்க எனக்கு மனமில்லை. நூற்றாண்டுகளின் உழைப்பைக் கண்முன் காண்பவனுக்கு, அதை விட்டுச் செல்வது முழு இழப்பாகவே தோன்றும். குடும்பச் செல்வம் முழுவதையும் ஒரே மனையில் போட்டுவிட்டு, மருத்துவச் செலவுக்குக்கூட அதில் ஒரு பகுதியை விற்க ஒப்பாதவர்களை நாம் அறிவோம். துர்கோன் மேலும் ஒருபடி சென்றான். இருந்த மறைவழியையும் அடைத்துவிட்டான்.

அவன் மகள் இத்ரில் மட்டும் வேறு வகையில் சிந்தித்தாள். துவோரை மணந்திருந்த அவள், நகரின் அடியிலிருந்து சமவெளிக்குக் கீழாக மலையை நோக்கி ஒரு சுரங்கப்பாதை அமைக்கச் செய்தாள். மிகச் சிலரே அறிந்த பணி அது; மேக்லினின் செவிக்கு எட்டாதபடி காக்கப்பட்டது. ஆபத்து வராதிருந்தால் அத்தனை உழைப்பும் வீண் என்றே பிறர் எண்ணியிருப்பர். காப்பீட்டுத் தவணை செலுத்தும்போது நம் வீடுகளிலும் இதே பேச்சு எழுவதுண்டு.

மன்னன் ஆணையை மீறி, கனிமம் தேடி மலைக்கு அப்பால் சென்ற மேக்லின் பகைவரிடம் சிக்கினான். சித்திரவதைக்கு அஞ்சியும், நகரின் ஆட்சியும் இத்ரிலும் தனக்குக் கிட்டும் என்ற ஆசையாலும் இரகசியத்தை விற்றான். கோடைத் திருவிழா நாளன்று, மலைக்காவல் மிகக் குறைந்திருந்த வடபுறத்தின் வழியாகப் பகைப்படை புகுந்தது. துர்கோன் தன் கோபுரத்தோடு வீழ்ந்தான். மேக்லின் துவோரின் கையால் மடிந்தான். ஏறத்தாழ 400 ஆண்டுகள் நின்ற நகரம் எரிந்தது.

இத்ரிலின் சுரங்கப்பாதை வழியே வெளியேறியவர்கள் எஞ்சிய சிலரே. அவர்களுள் அவளுடைய ஏழு வயது மகன் எயாரென்டிலும் ஒருவன். சிரியோன் ஆற்றின் முகத்துவாரத்தில் குடியேறிய அவர்கள் கப்பல் கட்டக் கற்றனர். மேற்குக் கடலைக் கடந்து சென்று எயாரென்டில் கேட்டுப் பெற்ற உதவியால்தான் பின்னாளில் மோர்காத் வீழ்த்தப்பட்டான்.