மூச்சை விடும்போது இதயம் என்ன செய்கிறது?

உங்கள் மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, மறு கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வையுங்கள். நாடி துடிப்பது தெரிகிறதா? இப்போது 4 எண்ணும்வரை மூச்சை இழுங்கள். 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. இது நோயன்று. இளம் வயதினரிடம் நன்கு தெரியும் இயல்பான நிகழ்ச்சிதான்.

காரணம் என்ன? மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு, சைக்கிளின் பிரேக்கைப் போன்றது. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது.

1921-இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயத்திலிருந்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது! நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை அடக்குகிறது என்பது விளங்கியது. அசிட்டைல்கோலின் என்பது அதன் பெயர். 1936-இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தப் பிரேக் யாருக்குத் தேவை? முதன்முதலாக நோயாளிக்கு ஊசி போடப்போகும் செவிலியர் பயிற்சி மாணவியை நினைத்துப் பாருங்கள். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. 'தவறிவிட்டால்?' என்று மனம் முன்னே ஓடுகிறது. அந்தப் பதற்றத்தில், சீட்டிலுள்ள 0.5 மில்லிலிட்டரின் புள்ளி கண்ணுக்குத் தப்பினால், மருந்து பத்து மடங்காகிவிடும்!

ஆகவே, மருந்தைத் தொடுமுன் அவர் ஒரு கணம் நிற்கிறார். பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கிறார். மூன்று முறை நிதானமாக மூச்சு விடுகிறார். மனம் வேறெங்கும் போனால், கடிந்துகொள்ளாமல் மூச்சுக்கே திருப்புகிறார். பிறகே சீட்டைப் படிக்கிறார். இதுவே விழிப்புணர்வுப் பயிற்சி. புத்த சமயத் தியான மரபில் வேர்கொண்ட இதனை, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் செவிலியர் மாணவர்களும் பயில்கிறார்கள்.

ஆனால் இது மந்திரமன்று. தூக்கமின்மையையும் அளவுக்கு மீறிய வேலையையும் மூச்சு ஈடுசெய்யாது. அவற்றுக்கு ஓய்வும் போதிய ஆட்களும் வேண்டும். துயரம் நீடித்தால் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்லத்தான் வேண்டும்.

தேர்வு நாளன்று, வினாத்தாளைத் திருப்புமுன் நீங்களும் மூன்று மூச்சு விட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் அரை நிமிட நாடியை எண்ணுங்கள். வேறுபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளபடியே குறித்து வையுங்கள். அதுதான் அறிவியல்!