வேண்டுதலும் விசுவாசமும்: சவேரியார் நவநாள்

சிங்கப்பூரில் பெருவிரைவு ரயிலில் செல்லும் நம் மாணவர்கள் பலருக்கு 'நொவீனா' என்பது ஒரு நிலையத்தின் பெயர். அருகிலுள்ள புனித அல்போன்சஸ் ஆலயத்தில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் வழிபாட்டிலிருந்தே அப்பெயர் வந்தது. இலத்தீனில் 'நோவெம்' என்றால் ஒன்பது. தமிழ்க் கத்தோலிக்கர் இச்செபத்தை 'நவநாள்' என்பர். வாரந்தோறும் நடப்பதற்கும் இப்பெயர் வழங்கினாலும், ஒரே கருத்துக்காக ஒன்பது நாள் இடைவிடாது செபிப்பதே இதன் அடிப்படை வடிவம்.

ஏன் ஒன்பது நாள்? இயேசு உயிர்த்தெழுந்த 40ஆம் நாள் விண்ணேறினார். 50ஆம் நாள் தூய ஆவி இறங்கியது. இடைப்பட்ட நாட்களில் சீடர்கள் அன்னை மரியாளுடன் எருசலேமில் செபத்தில் காத்திருந்தனர். அந்தக் காத்திருப்பே நவநாளுக்கு முன்மாதிரி.

மறைபரப்புப் பணியாளரான புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு ஆண்டில் இருமுறை நவநாள் செய்வர். ஒன்று, டிசம்பர் 3 திருவிழாவுக்கு முன் நவம்பர் 24 முதல் டிசம்பர் 2 வரை. மற்றொன்று, மார்ச் 4 முதல் 12 வரை செய்யும் 'அருளின் நவநாள்'. 1622 மார்ச் 12 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. 1633இல் நேப்பிள்ஸ் நகரில் மஸ்திரில்லி என்னும் இயேசு சபைக் குரு, தலையில் சுத்தியல் விழுந்து சாகும் நிலையை அடைந்தார். சவேரியாரை மன்றாடி நலம் பெற்றார் என்பது மரபு. பிழைத்தவர் சுகமாக வாழ ஊரில் தங்கிவிடவில்லை. ஜப்பானுக்குச் சென்று 1637இல் மறைசாட்சியாக உயிர்நீத்தார்.

நவநாளைச் செய்யும் முறை எளிது. முதலில் நம் கருத்தை ஒரே வாக்கியத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாள்தோறும் குறித்த நேரத்தில் சிலுவை அடையாளம் வரைந்து, சிறிது இறைவார்த்தை வாசித்து, புனிதரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். பின்னர் நவநாள் மன்றாட்டையும், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், திரித்துவப் புகழ் ஆகியவற்றையும் சொல்லி முடிக்கலாம். ஒப்புரவு அருளடையாளமும் நற்கருணையும் பெறுவது வழக்கம்.

தமிழ் பயில்வோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இருமொழி அறிந்தோர் உதவியால் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைத் திரட்டிக் கற்பித்தார். அந்த மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது. விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றது. 'வேணும்' விருப்பத்தைக் குறிப்பது. அதை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுக என்று உடன் பணியாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். தம் பிழையைத் தாமே திருத்தினார். 1545இல் மலாக்காவுக்கு வந்தபோதும் முதல் வேலையாகச் செபங்களை உள்ளூர் மக்களின் மொழியில் ஆக்கினார். 1552இல் சீனக் கரையோரச் சான்சியன் தீவில் அவர் இறந்தபின், 1553இல் சில மாதங்கள் அவர் உடல் மலாக்காவின் புனித பவுல் குன்றில்தான் இருந்தது. அந்த வெற்றுக் கல்லறையை இன்றும் காணலாம்.

அன்று சவேரியார் செய்த திருத்தம் நமக்கும் தேவைப்படுகிறது. தேர்வு நெருங்கும்போது நவநாள் தொடங்குகிறோம். "எனக்கு வேணும்" என்றே தொடங்குகிறோம். அதில் தவறில்லை, கேளுங்கள் என்று சொன்னவர் இயேசுவே. ஆனால் ஒன்பதாம் நாளிலும் அதே சொல்லில் நின்றுவிட்டால், அது கணக்கு வைத்து நடத்திய பேரமாகிவிடும். கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் "நம்புகிறேன்" என்று சொல்ல மனம் பழகுவதற்கே அந்த ஒன்பது நாள். படிக்காமல் செபித்தால் போதும் என்பதும் அவர் வழியன்று. பிழை கண்ட இடத்தில் மீண்டும் உட்கார்ந்து கற்றவர் அவர்.

வரும் நவநாளில் இச்செபங்களைத் தாய்மொழியில், பொருளுணர்ந்து சொல்லிப் பாருங்கள். ஒரு சொல் மாறினால் செபமே மாறும் என்பதை நம் மொழியில்தான் அவர் கற்றுக்கொண்டார்.