கல்லூரி நூலகத்தில் கணினி: சந்தாவும் நூற்பட்டியலும்

ஆராய்ச்சி இதழ்கள் போதிய அளவில் கிடைக்காமை நம் நாட்டுப் பல்கலைக் கழக, கல்லூரி நூலகங்களில் நெடுங்காலக் குறையாக இருந்துவந்தது. வெளிநாட்டு இதழ்களின் விலை ஆண்டுதோறும் உயர, நூலகங்கள் தம் பட்டியலில் சிலவற்றைக் குறைத்துக்கொண்டே வந்தன. இக்குறையைப் போக்கும் பொருட்டு, மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 முடிய மூன்று ஆண்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் இதில் அடங்கும். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300க்கு மேற்பட்டவற்றில் பயிலும், பணியாற்றும் 1.8 கோடிப் பேர் பயன்பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய் ஆகிறது. நம் கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை தனியார் நிர்வாகத்தில் இருப்பவை. அரசு நிறுவனங்களுக்கென வகுக்கப்பட்ட இத்திட்டத்தில் அவை தொடக்கத்தில் இடம்பெறவில்லை என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

இந்நிலை ஒரே நாளில் உருவானதன்று. பல்கலைக் கழக மானியக் குழு 1991இல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் திட்டம், 1996இல் தனி நிறுவனமாயிற்று. இந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ‘சோல்’ என்னும் நூலக மென்பொருளை வெளியிட்டது. 2004 முதல் பல்கலைக் கழகங்கள் கூட்டாக மின்னிதழ்களைப் பெற்றன. பின்னர் ‘என்-லிஸ்ட்’ திட்டத்தின் வழியாகக் கல்லூரிகளுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டியது. பொறியியல் நிறுவனங்களுக்கெனத் தனியே இயங்கிய கூட்டமைப்பையும் சேர்த்து, 2015இல் இவை யாவும் ‘இ-ஷோத்சிந்து’ என்னும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவரப்பட்டன.

சந்தா செலுத்துவது டில்லியிலிருந்தே செய்யக்கூடிய பணி. நூலகத்தின் அலமாரியில் உள்ள நூலுக்குப் பதிவு எழுதுவதோ அந்தந்தக் கல்லூரியிலேயே செய்யப்படவேண்டிய பணி. முன்னதற்குப் பணமும் கவனமும் கிடைத்துள்ளன. பின்னதற்குப் போதிய அளவு கிடைக்கவில்லை.

பதிவில் இருக்கவேண்டியவை

தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் நிரப்பும் படிவங்களில், நூலகம் கணினிமயமாக்கப்பட்டுள்ளதா என்னும் வினா இடம்பெற்றுவந்தது. அதற்கு ‘ஆம்’ என்று விடையளிக்கும் அவசரத்தில், பல இடங்களில் சேர்க்கைப் பதிவேடு அப்படியே கணினியில் ஏற்றப்பட்டது. சேர்க்கை எண், தலைப்பு, ஆசிரியர், விலை ஆகிய நான்கும் இருந்தால் நூலை இரவல் வழங்கலாம், பார்கோடும் ஒட்டலாம். ஆனால் தேடுவோருக்கு இவை போதா. ‘நீரும் நிலமும்’ என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். அது பாசனம் பற்றியது என்று பொருள் தலைப்பில் குறிக்கப்படாவிட்டால், ‘பாசனம்’ என்று தேடும் மாணவருக்கு அந்நூல் கிட்டாது. கணினித் திரையில் ‘பதிவு எதுவும் இல்லை’ என்று வருவதைக் கண்டு அவர் திரும்பிவிடுவார். நூலோ பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கும். பழைய அட்டைப் பட்டியலில் பொருளுக்கென ஓர் அட்டை தனியே இருந்தது. கணினிக்கு மாறியபோது அதைக் கைவிட்ட நூலகங்கள் உண்மையில் பின்னோக்கிச் சென்றுள்ளன என்றே சொல்லவேண்டும்.

ஆசிரியர் பெயரிலும் இடர் உண்டு. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுகையில் ஒரு நூலகம் ஒரே சொல்லாக எழுதும். மற்றொன்று இரு சொற்களாகப் பிரிக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையிலோ அது ‘பிரேமசந்த’ என்று அகரத்தில் முடியும். அவருடைய இயற்பெயர் தன்பத் ராய். உருதுவில் நவாப் ராய் என்றும் எழுதினார். இவை அனைத்தும் ஒருவரையே குறிப்பன என்று இணைத்துக் காட்டும் பெயர்ப் பட்டியல் ஒன்று பின்னணியில் இருந்தாலன்றி, நாட்டு நூலகங்களின் பதிவுகளைத் திரட்டும் ‘இண்ட்கேட்’ போன்ற கூட்டுப்பட்டியலில் அவர் நூல்கள் சிதறியே கிடக்கும். ஆங்கில நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொண்டு பிற நூலகங்களின் பதிவை இறக்கிக்கொள்ளலாம். அவ்வெண் 1970ஐ ஒட்டியே உலக வழக்குக்கு வந்தது. முந்தைய இந்திய மொழி நூல்களுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. அறிந்த ஒருவர் நூலைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதவேண்டும்.

எழுத்துருவால் மறைந்த ஆய்வேடுகள்

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்கவேண்டும் என்று மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்தன. அவற்றைத் திரட்டும் களஞ்சியமே ‘ஷோத்கங்கா’. பல லட்சம் ஆய்வேடுகள் இதில் உள்ளன; எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அயல்நாட்டுப் பதிப்பாளரிடம் சந்தா செலுத்திப் பெறும் இதழைப் போலன்றி, இது நம் சொந்த உடைமை. சந்தா நின்றாலும் இது நிற்காது.

எனினும் இந்தியில் அமைந்த பழைய ஆய்வேடுகள் பல ‘கிருதிதேவ்’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தேவநாகரியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கிலக் குறிகளே இருக்கும். ‘ஹிந்தீ’ என்னும் சொல் எஃப், ஜி, யூ, என், எச் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படும். தேடுபொறி அந்த ஐந்தையே காணும், சொல்லைக் காணாது. தமிழிலும் 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்பதற்கு முன் பல்வேறு எழுத்துருக்கள் வழங்கியதால் இதே நிலை ஏற்பட்டது. பக்கங்களைப் படமாக எடுத்துச் சேர்த்த ஆய்வேடுகளிலும் உள்ளிருக்கும் சொற்களைத் தேட இயலாது. ஒரு மாவட்டத்தின் நாட்டார் வழக்கு பற்றி ஒருவர் ஐந்தாண்டு உழைத்து எழுதியது, அதே பொருளை எடுத்துக்கொள்ளும் அடுத்த மாணவரின் கண்ணில் படாமலே போகிறது. எழுத்துரு மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் கூட்டெழுத்துகளில் பிழை நேர்வதால் மொழியறிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்தாகவேண்டும். புதிய ஆய்வேடுகளை ஒருங்குறியில் மட்டுமே ஏற்பது என்று பல்கலைக் கழகம் முடிவு செய்தால் குறை மேலும் பெருகாது. இதற்குச் செலவும் இல்லை.

சென்னைப் பல்கலைக் கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்றை வாசகரின் நேரத்துக்கென ஒதுக்கினார். அந்த நேரம் எவ்வளவு மிச்சமாகும் என்பதைப் பதிவு எழுதும் ஊழியரின் பயிற்சியே பெரிதும் முடிவு செய்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 40,000 நூல்கள் உள்ள கல்லூரியில், பயிற்சி பெற்ற ஒருவர் பொருள் தலைப்புடன் நாளொன்றுக்கு 40 பதிவுகள் எழுதுவாரானால், ஆண்டுக்கு 250 வேலை நாட்களில் 10,000 பதிவுகள் முடியும். முழுப்பணிக்கு நான்கு ஆண்டுகள். நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரியில் இது தொடங்கவே தொடங்காது. மென்பொருளுக்கும் கணினிக்கும் ஒரு முறை மானியம் அளித்துவிட்டு, இந்த நான்கு ஆண்டு ஊதியத்தைத் திட்ட மதிப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே வழக்கமாக நேரும் பிழை.

நிதி வழங்கும் அலுவலர் ஒப்பந்தத்தில் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. ‘கோஹா’ போன்ற கட்டற்ற மென்பொருளாயினும், விலைக்கு வாங்கியதாயினும், பதிவுகள் அனைத்தையும் ‘மார்க்-21’ வடிவில் எப்போது வேண்டினும் வெளியே எடுத்துக்கொள்ளும் உரிமை கல்லூரிக்கு இருக்கவேண்டும். அதன் படி ஒன்று மாதந்தோறும் வேறொரு கட்டடத்தில் வைக்கப்படவேண்டும். நிறுவனம் மாறும்போதோ வட்டு பழுதாகும்போதோ நான்கு ஆண்டு உழைப்பை மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்யும் நிலை அப்போதுதான் வராது.