நிறம் போச்சு, உப்பு போகல

நொய்யல் கரையோரம் நிலம் வாங்கி இயற்கை விவசாயம் செய்ய நினைக்கிறவங்க என்கிட்ட கேட்கிற கேள்வி: "கெணத்துத் தண்ணி தெளிவாத்தானே இருக்கு, அப்புறம் என்னங்க பயம்?"

சாயத்தொட்டியில இருந்து பாருங்க. பருத்தியும் சாயமும் தண்ணீருக்குள்ள ஒன்றையொன்று தள்ளும். சாயம் நூலில் ஏற உப்பு போடுவாங்க. அடர்நிறம்னா லிட்டருக்கு 60 கிராமுக்கும் மேல. துணி சாயத்தை எடுத்துக்கும், உப்பை எடுத்துக்காது. போட்ட உப்பெல்லாம் கழிவோட வெளியே வந்துரும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுச் சுத்திகரிச்சா நிறம் குறையும், உப்பு குறையாது.

திருப்பூர்க் கழிவு வருசக்கணக்கா நொய்யலில் இப்படித்தான் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்க் குட்டையாக மாறியது. தேங்கிய தண்ணி மண்ணில் இறங்கி, பாறை வெடிப்பு வழியா சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போனது. பாசன விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவு ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உப்பைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு செய்த பிறகே அவை திறந்தன.

ஆனா முன்னாடியே நிலத்தடிக்குப் போன உப்பு? அது மட்காது. ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் நுண்ணுயிரைப் பெருக்கும். எந்த நுண்ணுயிரும் உப்பைத் தின்று தீர்க்காது. நல்ல தண்ணி வேருக்குக் கீழே கழுவித் தள்ளினால்தான் உண்டு.

அதனால நான் சொல்றது இதுதாங்க:

நிலம் பேசும் முன்னே கிணற்றுத் தண்ணியை வேளாண்துறைப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்க. கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. மின்கடத்துதிறன் 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர் தாங்காது. சோடியம் அளவையும் கேளுங்க.

இடைப்பட்ட அளவுன்னா அவரை, வெங்காயம் வேண்டாம். தென்னை, பருத்தி தாங்கும். வரப்பை உயர்த்தி மழைநீரை வயலிலேயே நிறுத்துங்க. சோடியம் மிகுந்த மண்ணுக்கு, ஆய்வு சொல்லும் அளவில் ஜிப்சம் போட்டு, அந்த மழைநீரால் கழுவணும். தொழுவுரமும் மூடாக்கும் மண்ணைப் பொலபொலப்பாக்கி அதற்கு வழிவிடும்.

தண்ணிச் சீட்டைப் பார்க்காம முன்பணம் கொடுக்காதீங்க.