கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

நுழையும்முன்

கடல்நீர் உப்புக் கரிக்கும் என்பதை அறிவோம். அந்நீர் ஓராயிரம் உயிர்களுக்கு வீடு கட்டும் பொருளையும் தன்னுள் கரைத்து வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதே தன்மையுடைய நீரில் நூறு லிட்டரை ஒரு கண்ணாடித் தொட்டியில் நிரப்பிப் பவள உயிரிகளை வளர்க்க முற்பட்டால், கடல் ஓசையின்றிச் செய்துவரும் பணிகள் மனிதரின் பொறுப்பாகின்றன. அவற்றுள் முதன்மையானது, நீரின் காரத்தன்மையையும் கால்சியம் அளவையும் நிலையாகக் காத்தல். அதனை இப்பாடம் விளக்குகிறது.

கல் கட்டும் உயிர்

பவளம் கல்லைப்போலத் தோன்றினாலும் அஃது உயிர்களின் தொகுப்பாகும். குழியுடலிகள் இனத்தைச் சேர்ந்த பாலிப் என்னும் சிற்றுயிர்கள் நெருங்கி வாழ்ந்து, தம் உடலின் அடியில் சுண்ணாம்புக் கிண்ணங்களைக் கட்டுகின்றன. கட்டியவை மடிய, அவற்றின்மேல் புதியவை கட்டுகின்றன. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக எழுந்தவையே பவளப்பாறைகள்.

இக்கட்டடத்தின் மூலப்பொருள் கால்சியம் கார்பனேட். அதனைப் பவளம் வெளியிலிருந்து கல்லாகப் பெறுவதில்லை. நீரில் கரைந்துள்ள அயனிகளைக்கொண்டு தானே ஆக்கிக்கொள்கிறது. ஒரு கால்சியம் அயனி இரண்டு பைகார்பனேட் அயனிகளுடன் வினைபுரியும்போது கால்சியம் கார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் நீரும் உண்டாகின்றன. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உணவு தந்து இப்பணிக்கு ஆற்றல் அளிக்கின்றன. எனவே ஒளி மிகுந்த பகற்பொழுதில் கல் கட்டுதல் விரைவாக நிகழ்கிறது.

காரத்தன்மை எது?

பிஎச் மதிப்பையும் காரத்தன்மையையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. பிஎச் மதிப்பு, நீர் இப்பொழுது அமிலநிலையில் உள்ளதா, காரநிலையில் உள்ளதா என்பதைக் காட்டும். காரத்தன்மையோ, அமிலம் சேர்ந்தால் அதனைத் தாங்கி ஈடுசெய்ய அந்நீருக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதைக் காட்டும். கடல்நீரில் இவ்வாற்றலைப் பெரும்பாலும் தருபவை பைகார்பனேட், கார்பனேட் அயனிகளே. ஆகவே காரத்தன்மையை அளப்பது, பவளத்தின் கட்டுமானப் பொருளில் ஒரு பாதியை அளப்பதற்கு ஒப்பாகும்.

பவளத்தொட்டி பேணுவோர் காரத்தன்மையை ஜெர்மானியப் பாகை என்னும் அலகால் குறிப்பர். ஒரு பாகை என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரானது. இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை 6.5 முதல் 7 பாகை வரை இருக்கும். கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் இருக்கும். தொட்டிகளில் காரத்தன்மையை 7 முதல் 9 பாகை வரையிலும், கால்சியத்தை 400 முதல் 450 மில்லிகிராம் வரையிலும் வைத்திருத்தல் வழக்கம்.

சிறு தொட்டியின் கணக்கு

நூறு கிராம் கால்சியம் கார்பனேட்டில் 40 கிராம் கால்சியமும் 60 கிராம் கார்பனேட்டும் உள்ளன. பவளம் எங்கு வளர்ந்தாலும் இவ்விகிதம் மாறுவதில்லை. காரத்தன்மை ஒரு பாகை குறையும்போது கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் குறையும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

நூறு லிட்டர் தொட்டியொன்றில் நாள்தோறும் ஒரு பாகை குறைவதாகக் கொள்வோம். அன்றாடம் அங்கு ஏறத்தாழ 1.8 கிராம் கல் கட்டப்படுகிறது என்பது இதன் பொருள். முதல்நாள் காரத்தன்மை 8 பாகை, கால்சியம் 420 மில்லிகிராம் எனில், மூன்று நாள் கழித்துக் காரத்தன்மை 5 பாகையாகும். கால்சியம் ஏறத்தாழ 399 மில்லிகிராமாகும். கால்சியத்தில் இருபதில் ஒரு பங்குதான் குறைந்தது. காரத்தன்மையிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது! இருபொருளும் ஒரே விகிதத்தில் செலவானாலும் காரத்தன்மையின் கையிருப்பு சிறிது. ஆகையால் தட்டுப்பாட்டை முதலில் அறிவிப்பது அதுவே. கால்சியத்தை மட்டும் அளந்து நிறைவடைபவர் கேட்டினைக் காலந்தாழ்ந்தே அறிவார்.

கடலுக்கு இக்கவலை இல்லை. ஆறுகள் பாறைகளைக் கரைத்துக் கொணர்கின்றன. அளவற்ற நீர்ப்பரப்பு இழப்பைப் பகிர்ந்துகொள்கிறது. தொட்டியோ வரவற்ற வீடு. அங்கே செலவு மட்டும் உண்டு.

அளந்தபின் ஊட்டுதல்

செலவானதைச் செலவான விகிதத்திலேயே திருப்பித் தருதல் இக்கலையின் அடிப்படை. காரத்தன்மையை உயர்த்தச் சோடியம் பைகார்பனேட் கரைசலையும், கால்சியத்தை உயர்த்தக் கால்சியம் குளோரைடு கரைசலையும் பயன்படுத்துவர். நூறு லிட்டர் நீரில் ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். அதற்கு ஈடான கால்சியத்தைத் தர, நீரேறிய கால்சியம் குளோரைடு ஏறத்தாழ 2.6 கிராம் வேண்டும்.

இவ்விரு கரைசல்களையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. செறிவு மிகுந்த நிலையில் அவை சந்தித்தால் நீர் பால்போல் வெளுத்து, கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிவிடும். உப்புச்சுவையுள்ள கிணற்றுநீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்பொருளும் இதுவே. பவளம் கட்ட வேண்டிய கல், தொட்டியின் குழாயிலும் இயந்திரத்திலும் படிந்து வீணாகும். எனவே ஒன்றை ஊற்றி, அது நீரோட்டத்தில் நன்கு கலந்தபின் மற்றொன்றை ஊற்ற வேண்டும்.

தெளிந்த சுண்ணாம்பு நீர் மற்றொரு வழி. கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்த அந்நீர் கால்சியத்தையும் காரத்தன்மையையும் உரிய விகிதத்தில் ஒருங்கே தரும். ஆவியான நீருக்கு ஈடாக அதனைச் சொட்டுச்சொட்டாக விடுவர். அதன் பிஎச் மதிப்பு 12க்கும் மேற்பட்டதாதலின், விரைந்து ஊற்றினால் தொட்டியின் உயிர்கள் அனைத்துக்கும் கேடாக முடியும்.

மக்னீசியத்தையும் மறத்தலாகாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1300 மில்லிகிராம் உள்ள அது, கால்சியம் கார்பனேட் படிகங்கள் தாமாகவே வளர்வதைத் தடுக்கிறது. மக்னீசியம் குறைந்த நீரில், எவ்வளவு ஊட்டினாலும் கால்சியமும் காரத்தன்மையும் நிலைத்து நில்லா.

அவசரம் தரும் கேடு

அளவு குறைந்ததைக் கண்டவுடன் ஒரே நாளில் நிரப்பிவிடும் எண்ணம் தோன்றுதல் இயல்பு. ஆயினும் பவளத்தின் மெல்லிய தசை, குறைவைக் காட்டிலும் திடீர் மாற்றத்தாலேயே பெரிதும் வாடுகிறது. ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் உயர்த்தாமை நன்று. ஒன்பது பாகைக்கும் ஆறு பாகைக்கும் இடையே நாள்தோறும் ஊசலாடும் நீரைவிட, ஏழு பாகையில் நிலைத்திருக்கும் நீர் மேலானது. நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, குறைவின் போக்கைக் கண்டு, அதற்கேற்பச் சிறிது சிறிதாக ஊட்டுபவரே பவளத்தைக் காப்பார்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் கல்பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

தொட்டி கற்பிக்கும் பாடம்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் பவளப்பாறைகளால் சூழப்பட்டிருந்தன. முற்காலத்தில் அப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டியெடுக்கப்பட்டன. அரணாக நின்ற பாறை அழிந்ததனால் கரை அரித்து, இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. அப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இன்று வெட்டாமலேயே ஓர் இடர் நேர்கிறது. நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்கிறது. தொழிற்புரட்சிக்குப்பின் கடலின் மேற்பரப்பு நீரின் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 0.1 குறைந்துள்ளது. வாயு கரைவதால் மட்டும் காரத்தன்மை குறைவதில்லை. ஆனால் கார்பனேட் அயனிகள் பைகார்பனேட்டாக மாறுவதால் பவளம் கல் கட்டுதல் கடினமாகிறது. நூறு லிட்டர் தொட்டியில் நேரும் பிழையை மூன்று கிராம் உப்பினால் திருத்தலாம். கடலில் நேரும் பிழையைத் திருத்த ஊற்றும் கரைசல் எவரிடமும் இல்லை. பிழை நேராமல் காப்பதொன்றே வழி.

கற்பவை கற்றபின்

1. பிஎச் மதிப்பு, காரத்தன்மை ஆகியவற்றின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. இருநூறு லிட்டர் தொட்டியில் காரத்தன்மையை இரண்டு பாகை உயர்த்த எவ்வளவு சோடியம் பைகார்பனேட் தேவை? அதனை எத்தனை நாளில் ஊட்டுவீர்கள்? காரணம் கூறுக.
3. 'நிறைவைவிட நிலைப்பு நன்று' என்னும் கருத்தைப் பவளத்தொட்டியின் வழி விளக்கி, வகுப்பில் உரையாற்றுக.