வாடகைக் காருக்குப் பெட்ரோலா, டீசலா?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

கிராமத்து இளைஞர் ஒருவர் வாடகைக் கார் வாங்க முற்படும்போது அச்செய்தி அவர் வீட்டோடு நிற்பதில்லை. ஊராட்சி மன்றத் தலைவரிடம் யோசனை கேட்கப்படுகிறது. வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்க உறவினர் அழைக்கப்படுகின்றனர். தாயின் நகைகள் கூட்டுறவுச் சங்கத்துப் பெட்டகத்திற்குச் செல்கின்றன. சில வேளைகளில் கிணற்றோரத்து நிலத்துண்டும் விலை பேசப்படுகிறது. இவ்வளவும் நடந்தேறியும், வண்டி எதில் ஓடுவது என்ற வினாவுக்கு மட்டும் ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. "டீசல்தானே மலிவு" என்ற ஒரே சொல்லில் அது முடிந்துவிடுகிறது.

இச்சொல்லை 2021ஆம் ஆண்டில் நானும் சொன்னேன். எங்கள் வட்டாரத்து வார்டு உறுப்பினர் ஒருவர், தம் மகனையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்து கேட்டபோது, கோப்பிலிருந்து தலை நிமிராமலே சொன்னேன். அந்தப் பையன் டீசல் காரே வாங்கினான். அதன் விளைவைப் பின்னர்க் கூறுவேன். அன்று நான் செய்யத் தவறிய கணக்கை இங்கே செய்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டீசல் மலிவு என்ற எண்ணம் அடிப்படையின்றி எழுந்ததன்று. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெட்ரோலின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டீசலுக்கோ 2014ஆம் ஆண்டு அக்டோபர் வரை அது நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டிற்குமிடையே விலை வேறுபாடு மிகவும் விரிந்து, 2012ஆம் ஆண்டில் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேலும் இருந்தது. அக்காலத்தில் டீசல் கார் வாங்கியோர் கெட்டிக்காரரே. ஆனால் அந்த வேறுபாடு பின்னர்ப் பெரிதும் சுருங்கிவிட்டது. காலம் மாறியும் சொல் மாறவில்லை.

இனி எஞ்சினைக் கவனிப்போம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. காற்று தன் கனஅளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அதனால் எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இவ்வழுத்தம் மிகுதியாதலாலும், ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலினும் கூடுதலாதலாலும், டீசல் வண்டி லிட்டருக்கு அதிகத் தூரம் ஓடுகிறது. அவ்வழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாகவும் உறுதியாகவும் அமைய வேண்டியிருப்பதால் விலையும் கூடுகிறது.

நம் குடியானவர்களுக்கு டீசல் எஞ்சின் புதிதன்று. பம்பு செட்டிலும் டிராக்டரிலும் அதைக் கண்டு பழகியவர்கள். ஆனால் பம்பு செட் எவ்வாறு ஓடுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் முடுக்கிவிட்டால் மடை நிரம்பும் வரை ஒரே சுமையில், ஒரே வேகத்தில், மணிக்கணக்காக ஓடுகிறது. டீசலுக்கு உகந்த வேலை அது. கிராமத்து வாடகைக் காரின் வேலை அத்தகையதா? பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஏற்றிச் செல்லுதல், பத்திரப்பதிவுக்கு நாலு பேரை இறக்கிவிட்டுக் காத்திருத்தல், ரயிலடிக்குப் போய் ஒரு விருந்தாளியை அழைத்துவருதல் ஆகிய இவையே பெரும்பகுதி. ஆறு கிலோ மீட்டர், எட்டு கிலோ மீட்டர். எஞ்சின் நன்கு சூடேறுமுன் வண்டி நின்றுவிடுகிறது.

இவ்வகைச் சிறு ஓட்டம் முன்னாளில் டீசல் காருக்கு அவ்வளவு பெரிய கேடாக இருந்ததில்லை. 2020 ஏப்ரல் முதல் நிலைமை வேறு. அன்று முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகை விதிகள் நடப்பிற்கு வந்தன. அவற்றை நிறைவேற்ற, டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று பொருத்தப்படுகிறது. பிடிபட்ட கரி அவ்வடிகட்டியின் உள்ளேயே எரிந்து தீர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது வண்டி தானே இதைச் செய்துகொள்ளும். எட்டு கிலோ மீட்டருக்கொரு முறை நிற்கும் வண்டியில் கரி எரியாமல் படிந்துகொண்டே போகும். முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போதே வண்டியை நல்ல சாலையில் பதினைந்து இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளக்கைப் பொருட்படுத்தாவிடில் எஞ்சின் தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும், பின்னர்ப் பணிமனைதான்.

இப்புதிய விதிகளையொட்டியே, நம் நாட்டில் மிகுதியாகக் கார் விற்கும் மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் கார்களை அடியோடு கைவிட்டது. சிறிய கார்களில் டீசல் எஞ்சினுக்கு ஆகும் கூடுதல் செலவு கட்டுபடியாகாமற் போயிற்று.

இப்போது கணக்கு. கீழ்க்காணும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. வாங்குவோர் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய். கார் லிட்டருக்கு 17 கிலோ மீட்டர் ஓடுகிறது. ஆகவே கிலோ மீட்டருக்கு 6 ரூபாய். டீசல் லிட்டர் 92 ரூபாய் 40 காசு. ஓட்டம் 22 கிலோ மீட்டர். ஆகவே 4 ரூபாய் 20 காசு. டீசலால் மிச்சம் கிலோ மீட்டருக்கு 1 ரூபாய் 80 காசு. இம்மிச்சத்தில் 1 ரூபாய் 36 காசு எஞ்சினின் திறத்தால் வருவது. லிட்டரின் விலைக் குறைவால் வருவது 44 காசு மட்டுமே. பங்கில் பார்க்கும் விலைப்பலகை நம்மை எவ்வளவு மயக்குகிறது என்பதை இதனால் அறியலாம்.

அதே வகைக் காரில் டீசல் வண்டியின் விலை 1,50,000 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். அத்தொகை கடனாகவே வருகிறது. நூற்றுக்குப் பத்து வட்டியில், ஐந்தாண்டுத் தவணையில், அதற்காக மட்டும் மாதம் ஏறத்தாழ 3,190 ரூபாய், ஆண்டுக்கு 38,000 ரூபாய்க்குச் சற்று மேல் கட்ட வேண்டும். பராமரிப்பிலும் டீசல் வண்டிக்குக் கிலோ மீட்டருக்கு 40 காசு கூடுதல் என்று வைத்தால், உண்மை மிச்சம் 1 ரூபாய் 40 காசாகிறது. 38,000 ரூபாயை ஈட்ட ஆண்டுக்கு 27,000 கிலோ மீட்டருக்கு மேல், அதாவது மாதத்திற்கு ஏறத்தாழ 2,300 கிலோ மீட்டர் ஓட வேண்டும். அதற்குக் குறைந்தால் பெட்ரோல் காரே ஆதாயம்.

மேற்சொன்ன வார்டு உறுப்பினரின் மகனுடைய வண்டி மாதத்திற்கு 1,500 கிலோ மீட்டர் ஓடியது. ஆண்டுக்கு 18,000. எரிபொருளில் மட்டும் பார்த்தாலும் அவன் மிச்சப்படுத்தியது 32,400 ரூபாய். டீசல் என்பதற்காக அவன் கூடுதலாகக் கட்டிய தவணையோ அதனினும் மேல். ஓராண்டு நிறைவதற்குள் வடிகட்டி விளக்கு எரிந்தது. ஏதோ ஒயர்க் கோளாறு என்று எண்ணி ஓட்டிவந்தான். முகூர்த்த நாளொன்றில் மணப்பெண் வீட்டாரை ஏற்றிச் செல்லும் வழியில் வண்டி வலுவிழந்து தவழ்ந்தது. பணிமனையில் நாற்பதாயிரத்துக்கு மேல் செலவாயிற்று. தாயின் வளையல்கள் இரண்டாம் முறையாக அடகுக்குப் போயின. அவ்வம்மையார் என்னைக் குறை கூறவில்லை; "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கினோம்" என்று மட்டும் சொன்னார்.

டீசலுக்கு உரிய இடமும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. மாதம் 5,000 கிலோ மீட்டர் ஓடும் வண்டிக்கு மேற்கண்ட கணக்கின்படியே பராமரிப்புப் போக ஆண்டுக்கு 84,000 ரூபாய் மிஞ்சும். தவணை கட்டியும் பாதிக்கு மேல் கையில் நிற்கும். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலைக்கும், ஏனைய மாதங்களில் சென்னை விமான நிலையத்திற்கும் இடையறாது செல்லும் வண்டிகள் அத்தகையவை. ஏழெட்டுப் பேரை ஏற்றி மலைப்பாதையில் செல்லும் பெரிய வண்டிக்கும் டீசலின் இழுவை பெருந்துணை. நெடுந்தூரச் சவாரி உறுதியாகக் கிடைக்குமா என்பதே கேள்வி. கிடைக்கும் என்று நம்புவது வேறு, கிடைத்துக்கொண்டிருப்பது வேறு.

ஆகவே, வாங்குமுன் மூன்று மாதம் ஊரில் ஏற்கெனவே கார் வைத்திருப்பவரிடம் ஓட்டுநராகப் போய், ஒவ்வொரு சவாரியின் தூரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்வது நல்ல வழி. ஆள் இன்றித் திரும்பும் தூரத்தையும் விடாமல் எழுத வேண்டும்; அதற்கும் எரிபொருள் செலவாகிறதன்றோ? ஒரு வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அறிய விற்பனையாளரின் துண்டுப் பிரசுரத்தை நம்ப வேண்டியதில்லை. டாங்கை நிரப்பி, மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, நான்கைந்து நாள் ஓட்டிய பின் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

பெட்ரோல் கார் வாங்குவோரும் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று, நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தை அனுபவிப்பது பெட்ரோலில் மிகவும் வீண்செலவு. டீசல் எஞ்சின் நின்றபடி ஓடுகையில் குறைவாகவே உண்ணும். மற்றொன்று, நாம் இப்போது வாங்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வடிக்கப்படும் இப்பொருளால் வேளாளர்க்குச் சந்தை உண்டாகியிருப்பது உண்மையே. ஆனால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பத்துப் பங்குக் கலவைக்கு இசைவாக்கப்பட்ட பழைய கார்களில் ஓட்டம் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. பழைய பெட்ரோல் காரை மலிவாக வாங்குவோர் இக்குறைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இயற்கை எரிவாயுவில் ஓடும் கார்களைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். செலவு குறைவே, ஆனால் சிலிண்டர் பின்பெட்டியை அடைத்துக்கொள்ளும். கல்யாணச் சாமான்களும் இருமுடிகளும் எங்கே போகும்? எரிவாயு நிலையம் ஊரிலிருந்து பத்துக் கிலோ மீட்டருக்குள் இல்லையேல் நிரப்பப் போய்வரும் தூரமும் வீண். வெளியில் பொருத்தினால் அதைப் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் ஏற்றியாக வேண்டும்.

எந்த எரிபொருளாயினும், வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விடுதல் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாடகை வண்டிக்குப் பர்மிட் வேண்டும். அஃதின்றி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுப் பொறுப்பை மறுக்க இடமுண்டு. இதனை மஞ்சள் பலகைக்குரிய வரியை மிச்சம் பிடிக்க எண்ணுவோரிடம் மன்ற உறுப்பினர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் சென்ற ஆண்டு டீசல் காரை விற்றுக் கடனை அடைத்து, சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். விற்குமுன் குறிப்பேட்டுடன் அலுவலகத்திற்கு வந்தான். இம்முறை கோப்பை மூடி வைத்துவிட்டு, இருவரும் அமர்ந்து கூட்டிப் பார்த்தோம். வளையல்களில் ஒன்று மீட்கப்பட்டுவிட்டது. மற்றொன்றுக்கு இன்னும் ஏழு மாதத் தவணை இருக்கிறது.